ஒட்டகம் படித்த அக்கா

எங்கள் அலுவலகத்து அக்காவுக்கு என்னவெல்லாம் தெரியும் என்று கேட்டால் எனக்குச் சட்டென்று பதில் வராது. என்னவெல்லாம் தெரியாது என்று கேளுங்கள், ஒரு நாள் முழுக்கச் சொல்வேன். தனக்குத் தெரியாதது ஒவ்வொன்றையும் அவரே எங்களிடம் சொல்லியிருக்கிறார். நாலு பேருக்கு முன்னால், சத்தமாக, கொஞ்சமும் கூச்சப்படாமல்.

“எனக்கு வெளங்கல.”

அதைச் சொல்வதற்கு முன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிடுவார். கண்ணாடி மேசைக்கு வந்துவிட்டால் கூட்டம் இனி சீக்கிரம் முடியாது என்று எங்களுக்குத் தெரியும். பேசிக்கொண்டிருந்தவர் தலையைச் சொறிவார். யாராவது ஒருவர் ஜன்னல் பக்கம் பார்ப்பார். அக்கா மட்டும், பரீட்சையில் வினாத்தாள் வாங்கக் கை நீட்டுகிறவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்.

எங்கள் பக்கத்தில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. ஒருவனை ‘வெளங்காதவன்’ என்றால் உருப்படாதவன். ‘வெளங்கினாப்புலதான்’ என்றால் அந்தக் காரியத்துக்கு அதோடு சங்கு ஊதிவிட்டார்கள் என்று அர்த்தம். அதனால் கிளையன்ட் பேசிக்கொண்டிருக்கும்போது ஒரு பெண் ‘வெளங்கல’ என்று சொல்வது எங்கள் மேலாளருக்கு அபசகுனம் போலவே கேட்டது. ஒரு தடவை அக்காவைத் தன் அறைக்குக் கூப்பிட்டுச் சொல்லியும் பார்த்தார்.

“கிளையன்ட் முன்னால அப்படிச் சொல்லாதீங்க. ‘பாத்துட்டு சொல்றேன்’னு சொல்லுங்க.”

“பாத்தாலும் வெளங்காது சார். அவங்க சொன்னாத்தான் வெளங்கும்” என்று அக்கா சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

எங்கள் அலுவலகம் தூத்துக்குடியில், பழைய துறைமுகத்துக்குப் போகிற சாலையில், ஒரு பெயின்ட் கடையின் மாடியில் இருந்தது. கப்பலிலிருந்து இறங்கும் கண்டெய்னர்களில் எதை எங்கே அடுக்குவது, எது சுங்கச் சோதனைக்காக நிற்கிறது, எது வெளியே போகலாம் என்று பார்த்துக்கொள்ளும் மென்பொருள் எழுதுகிற சின்ன நிறுவனம். நான் சென்னையில் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஜாவா என்ற கணினி மொழியில் எழுதிப் பிழைத்துவிட்டு, அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் ஊருக்குத் திரும்பி அங்கே சேர்ந்தவன். அக்கா அலுவலகம் தொடங்கிய நாளிலிருந்தே இருந்தவர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். வீடு ஆத்தூரில், கணவருக்கு வெற்றிலை வியாபாரம். காலையில் திருச்செந்தூர் பஸ்ஸில் வந்து இறங்குவார். மாலையில் அதே வழியில் திரும்பிப் போவார்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவர் பெரிய கெட்டிக்காரி இல்லை. எங்களில் வேகமாக எழுதுகிறவரும் இல்லை. போன வாரம் கேட்டதையே இந்த வாரமும் கேட்பார். “அக்கா, இத அன்னைக்கே சொன்னேனே” என்று எனக்கே எரிச்சல் வந்ததுண்டு. “அன்னைக்கு வெளங்கிச்சு தம்பி. இன்னைக்கு வெளங்கல” என்பார்.

ஒருமுறை அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது கணவர் என்னிடம் முறையிட்டார். “இவ கூட உக்காந்து ஒரு சினிமா பாக்க முடியாது தம்பி. அவன் எதுக்கு அந்தப் பிள்ளைய அடிச்சான், எனக்கு வெளங்கலன்னு கேட்டுக்கிட்டே இருக்கா. நான் என்ன, டைரக்டரா?”

உள்ளேயிருந்து குரல் வந்தது. “உங்களுக்கு வெளங்கிச்சான்னு சொல்லுங்க.”

“எனக்கும் வெளங்கல. நான் சும்மா பாக்கேன்லா” என்றார் அவர்.

இது சிரிப்பதற்கு. சிரிக்க முடியாத ஒன்றும் நடந்தது. அக்காவின் தங்கை மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். நல்ல குடும்பம், மாப்பிள்ளைக்கு நல்ல வேலை. எல்லோருக்கும் பிடித்துவிட்டது. பலகாரமெல்லாம் ஆனபின் மாப்பிள்ளையின் அப்பா, “எங்களுக்குன்னு ஒண்ணும் வேண்டாம். உங்க பிள்ளைக்கு நீங்க பாத்துச் செய்யுறதுதான்” என்றாராம். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். அக்கா கண்ணாடியைக் கழற்றினார்.

“அண்ணாச்சி, எனக்கு வெளங்கல. ஒண்ணும் வேண்டாம்னா ஒண்ணுமே வேண்டாமா? இல்ல, இவ்வளவுன்னு நாங்களாப் பாத்துப் புரிஞ்சுக்கிடணுமா?”

அந்தப் பெரியவர் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். காபி ஆறிப்போனது. பிறகு பதில் சொல்லி அனுப்புவதாகச் சொல்லிப் போனவர்கள், அனுப்பவே இல்லை. தங்கை அக்காவோடு ஒரு வருஷம் பேசவில்லை. அந்தப் பெண்ணுக்குப் பிறகு நல்லபடியாகக் கல்யாணம் ஆனது, ஆனால் அந்த ஒரு வருஷம் ஒரு வருஷம்தான். அதைச் சொல்லும்போது மட்டும் அக்காவின் குரல் தணிந்துவிடும். “கேட்டிருக்கக் கூடாதுன்னு எல்லாரும் சொல்லுதாங்க. கேக்காம நான் எப்படி அங்கன உக்காந்திருப்பேன், நீ சொல்லு” என்பார். இரண்டு பக்கமும் எனக்கு நியாயமாகத்தான் தெரிந்தது.

ஒட்டகம் வந்தது அதற்கு அப்புறம்.

ஐரோப்பாவில் ஒரு துறைமுக நகரத்தில் எங்களுக்கு ஒரு கிளையன்ட் இருந்தார்கள். எங்களுடைய வேலையில் பாதிக்கு மேல் அவர்களுடையதுதான். அவர்கள் தங்கள் மென்பொருளைப் புதிதாக ஓகேமல் என்ற மொழியில் எழுதப்போவதாகச் சொன்னார்கள். பெயரிலும் ஒட்டகம், அடையாளப் படத்திலும் ஒட்டகம். நாங்கள் அதை ஒட்டகம் என்றே கூப்பிட ஆரம்பித்தோம். மூன்று மாதம் எங்களுக்குப் பயிற்சி கொடுப்பார்கள். தேறினால் வேலை எங்களுக்கு, இல்லாவிட்டால் வேறு ஊருக்குப் போய்விடும். மேலாளர் சென்னையில் இருந்த வீட்டை விற்று இந்த அலுவலகத்தைத் தொடங்கியவர். அந்தச் செய்தியைச் சொன்ன நாளில் அவர் மதியம் சாப்பிடவில்லை.

புது மொழிதானே, இரண்டு வாரத்தில் பழகிவிடும் என்று நினைத்தேன். அதற்கு முன் ஐந்தாறு மொழி பார்த்தவன். ஆனால் அவையெல்லாம் ஒரே தெருவில் இருக்கிற வீடுகள் மாதிரி. உள்ளே போனால் அடுப்படி எந்தப் பக்கம் என்று ஊகித்துவிடலாம். இது ஃபங்ஷனல் வகை. இதில் ஒரு மதிப்புக்கு ஒரு பெயர் வைத்தால் வைத்ததுதான், பிறகு மாற்றுவதில்லை. மாற்றவும் வழி உண்டு, ஆனால் பயிற்சி முடியும்வரை அந்தப் பக்கம் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ‘ஃபார்’ என்ற கட்டளையைப் போட்டு, ஒரே வேலையைச் சுற்றிச் சுற்றிச் செய்து பழகிய கை. கோப்பைத் திறந்ததும் அந்த மூன்று எழுத்தைத் தானாக அடித்துவிட்டு நிற்கும். பத்து நிமிஷத்தில் முடிக்க வேண்டியதை ஒரு காலைப்பொழுது முழுக்க வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷத்தில்கூட நான் அவ்வளவு அசடாக உணர்ந்ததில்லை. அப்போது தெரியாதது வயசுக்குச் சரியாக இருந்தது. நாற்பதை எட்டும்போது தெரியாமல் இருப்பதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

வகுப்பு எடுத்தவர் கிளையன்டின் ஊரில் வேலை பார்த்த கும்பகோணத்துக்காரர். வீடியோவில் வருவார். நல்ல மனிதர், ஆனால் வேகம். முதல் வாரமே ‘ஃபோல்ட்’ என்று ஒன்றைச் சொல்லிக்கொடுத்தார். ஒரு கப்பலில் உள்ள கண்டெய்னர்களின் எடையையெல்லாம் கூட்ட வேண்டும். நாங்கள் பழைய வழியில் ‘மொத்தம்’ என்று ஒரு பெட்டி வைத்து, ஒவ்வொன்றாக அதில் போட்டுக்கொண்டே போவோம். இதில் அந்தப் பெட்டியை மாற்றக் கூடாது. இதுவரை வந்த கூட்டுத்தொகையையும் அடுத்த கண்டெய்னரின் எடையையும் ஒரு ஃபங்ஷனிடம், அதாவது சொன்ன கணக்கைச் செய்து தரும் ஒரு துண்டு நிரலிடம், கொடுத்தால், அது புதுக் கூட்டுத்தொகையைத் திருப்பித் தரும். அதை எடுத்துக்கொண்டு அடுத்ததற்குப் போக வேண்டும்.

“புரிஞ்சுதா?” என்றார் அவர்.

“புரிஞ்சுது” என்றோம் நாங்கள்.

அக்காவின் கண்ணாடி மேசைக்கு வந்தது. “எனக்கு வெளங்கல சார்.”

அவர் மறுபடி சொன்னார், அதே வேகத்தில். அக்கா மறுபடியும் விளங்கவில்லை என்றார். மேலாளர் தொண்டையைச் செருமினார். பயிற்சியாளர் கொஞ்சம் நிறுத்தி, “எந்த இடத்துல புரியல?” என்று கேட்டார்.

“இதுவரை வந்ததையும் அடுத்ததையும் கூட்டணும்னு சொல்லுதீங்க. சரி. மொத கண்டெய்னர் வரும்போது, அந்த ‘இதுவரை’ எங்கன இருந்து வந்துச்சு?”

பயிற்சியாளரின் முகம் திரையில் மெல்ல மலர்ந்தது. “நான் அதச் சொல்லவே இல்ல, இல்லையா?” என்றார். அதன்பிறகுதான், முதலில் கையில் என்ன கொடுத்துத் தொடங்க வேண்டும், ஒரு கண்டெய்னர்கூட இல்லாத கப்பல் வந்தால் விடை என்னவாக இருக்கும் என்றெல்லாம் பொறுமையாகச் சொன்னார். என் பக்கத்தில் இருந்தவர்கள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். ‘புரிஞ்சுது’ என்று சொன்ன எல்லோருக்கும் அப்போதுதான் புரிந்தது. எனக்கும்தான்.

அக்காவுக்கு அந்த மொழியைப் பிடித்துப்போனது. அதில் ஒரு கண்டெய்னர் சுங்கத்தில் நிற்கலாம், விடுவிக்கப்பட்டிருக்கலாம், தடுத்து வைக்கப்பட்டிருக்கலாம் என்று மூன்று நிலைகளை முதலிலேயே சொல்லிவிட்டு, பிறகு இரண்டுக்கு மட்டும் என்ன செய்வது என்று எழுதினால், நாம் எழுதியதைச் சரிபார்க்கிற கம்பைலர், விட்டுப்போன மூன்றாவதைப் பெயர் சொல்லிக் கேட்கும். ஒரு மதிப்பு இல்லாமலும் போகலாம் என்றால், இல்லாதபோது என்ன செய்வாய் என்று அதற்கும் பதில் கேட்கும். எங்களுக்கு அது நச்சரிப்பாக இருந்தது. அக்கா ஒரு நாள் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு, “பரவால்லியே. வெளங்கலன்னா வெளங்கலன்னு சொல்லிருது” என்றார். தங்கை வீட்டுக் காபி அப்போது அவர் நினைவில் இருந்ததோ என்னவோ.

அந்த நாட்களில் ஒரு மதியம் நடந்தது எனக்கு இன்னும் அப்படியே நினைவில் இருக்கிறது. சாப்பாட்டு டப்பாவைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன். பக்கத்து மேசையில் அக்கா திரையைப் பார்த்தபடி அசையாமல் இருந்தார். பிறகு, “தம்பி, இங்கன வா” என்றார்.

ஒட்டகத்திடம் நாம் ஒரு வரி எழுதிக் கேட்டால் திரையிலேயே விடை சொல்லும் ஒரு ஜன்னல் உண்டு. அதில் எக்ஸ் என்பது ஐந்து என்று எழுதியிருந்தார். அடுத்த வரியில் ‘எக்ஸ் = எக்ஸ் + 1’. அதற்குக் கீழே அது ‘ஃபால்ஸ்’ என்று பதில் சொல்லியிருந்தது.

“இதுல ஈக்வல் போட்டா ரெண்டு பக்கமும் ஒண்ணான்னு கேக்குறதா அர்த்தம் அக்கா. அஞ்சும் ஆறும் ஒண்ணு இல்லைல்லா, அதான் பொய்ங்குது” என்றேன்.

“அது எனக்குத் தெரியும். நான் ஒண்ணு சொல்லுதேன், கேளு” என்றார்.

பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் பாடத்தின் முதல் வகுப்பு. ஆசிரியர் கரும்பலகையில் எக்ஸ் = எக்ஸ் + 1 என்று எழுதினார். அக்கா அதுவரை கணக்கில் நல்ல மதிப்பெண் வாங்கிய பெண். எழுந்து நின்று, ஒரு எண் தன்னைவிட ஒன்று கூடுதலான எண்ணுக்கு எப்படிச் சமமாக முடியும், எனக்கு விளங்கவில்லை என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. ஆசிரியரும் சிரித்தார். “உனக்கு வெளங்கவே வெளங்காது. அப்படியே மனப்பாடம் பண்ணிக்கோ” என்றார். படிப்பு முடியும்வரை பையன்கள் அவரை ‘எக்ஸு’ என்று கூப்பிட்டார்கள். அவரும் மனப்பாடம் செய்துகொண்டார். இடப்பக்கம் பெட்டி, வலப்பக்கம் அதில் போட வேண்டியது என்று பிற்பாடு புரிந்தும் போயிற்று. அதை வைத்துத்தான் இத்தனை வருஷம் சம்பளம் வாங்கினார், இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்தார்.

“நான் கேட்டது தப்பான கேள்வி இல்ல தம்பி. ஈக்வல்னா நான் நெனச்ச மாதிரியே நெனைக்குற ஆளுக வேற எங்கியோ உக்காந்து ஒரு மொழியே பண்ணி வச்சிருக்காங்க” என்றார். கண் கலங்கியிருந்தது. ஆனால் சிரித்துக்கொண்டும் இருந்தார். நானும் அதே வரியை ஒரு கல்லூரியில் முதல்முறை பார்த்தவன்தான். எனக்கும் அன்று இடித்திருக்கும். கை தூக்கவில்லை. சிரித்தவர்களில் ஒருவனாக இருந்திருப்பேன் என்றுகூடத் தோன்றியது.

பயிற்சியின் நடுவில் மேலாளர் அக்காவை வகுப்பிலிருந்து எடுத்துவிட்டார். எல்லோரும் முடித்துக்கொடுத்த பயிற்சிக் கணக்கை அக்கா கடைசியாகத்தான் கொடுத்தார். வகுப்பில் கேள்வி கேட்பவரும் அவர் ஒருவர்தான். வெளியிலிருந்து பார்த்தால் எங்கள் குழுவில் பலவீனமான ஆள் யார் என்று தெளிவாகத் தெரியும். “நீங்க கொஞ்ச நாள் பழைய சாஃப்ட்வேரப் பாத்துக்கோங்க” என்றார். மேலாளரைக் குறை சொல்ல மாட்டேன். வீட்டை விற்றவருக்கு எதைப் பார்த்தாலும் பயம். அக்கா ஏன் என்று கேட்டார். அவர் காரணத்தைச் சொன்னார். “இது வெளங்குது சார்” என்று சொல்லிவிட்டு, தன் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு கடைசி மேசைக்குப் போய் உட்கார்ந்தார். அன்று மாலை பஸ்ஸுக்கு வழக்கத்தைவிடச் சீக்கிரமே கிளம்பிவிட்டார்.

அக்கா இல்லாத வகுப்புகள் ரொம்ப அமைதியாக நடந்தன. “புரிஞ்சுதா?” “புரிஞ்சுது.” எல்லாம் சொன்ன நேரத்துக்கு முடிந்தது. மேலாளர் முகத்தில் தெளிவு. வகுப்பு முடிந்ததும் நாங்கள் கீழே டீக்கடைக்குப் போய், “அவர் சொன்னாரே, அது என்னது?” என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டோம். ஒருவருக்கும் தெரியவில்லை. ‘ஃபங்க்டர்’ என்று ஒரு சங்கதி வந்தபோது எல்லோருமே மூழ்கிவிட்டோம். இரண்டு வாரம் அதைப் பற்றித்தான் வகுப்பு. இரண்டு வாரமும் தலையாட்டினோம்.

கடைசியில் நாங்கள் மூன்று பேர் மேலாளரிடம் போனோம். “சார், அக்காவத் திரும்ப வகுப்புக்குக் கூப்பிடுங்க. அவங்க கேக்கலன்னா எங்களுக்கு ஒண்ணும் ஓட மாட்டேங்குது” என்றேன். அவர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். “உங்களுக்கே வெளங்கலியா?” என்றார். இல்லை என்றோம். அவர் வெளிறிப்போனார். ஆனால் மறுநாளே அக்காவைக் கூப்பிட்டுவிட்டார்.

வகுப்புக்கு முன்னால் நான் அக்காவிடம் போய், “ஃபங்க்டர் பத்திக் கொஞ்சம் கேளுங்கக்கா. எங்க எல்லாருக்கும் அதுதான் இடிக்கு” என்றேன்.

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். “ஃபங்க்டர் எனக்கு வெளங்கிட்டு தம்பி. சும்மாதான இருந்தேன், வீட்டுல உக்காந்து படிச்சேன்.”

“எங்களுக்காகக் கேளுங்களேன்.”

“எனக்கு வெளங்காததத்தான் நான் கேக்க முடியும். உனக்கு எது வெளங்கலன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார். வகுப்பு தொடங்கியது. பயிற்சியாளர் முடித்துவிட்டு, “புரிஞ்சுதா?” என்றார். எல்லோரும் அக்காவைப் பார்த்தோம். கண்ணாடி அவர் மூக்கிலேயே இருந்தது. மேலாளர் என்னைப் பார்த்தார். என் காதுமடல் சூடானது இன்னும் நினைவிருக்கிறது.

“எனக்கு வெளங்கல” என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. “இத எதுக்குப் பயன்படுத்தணும்னே வெளங்கல. சாதாரண ஃபங்ஷன் எங்க போதாமப் போகுது?”

கும்பகோணத்துக்காரர் நாற்காலியில் சாய்ந்து ஒரு பெருமூச்சு விட்டார். “ரெண்டு வாரமா ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல. நான்தான் தப்பா சொல்லிக்கொடுக்கறேனோன்னு பயந்துபோயிருந்தேன். வாங்க, முதல்லேருந்து பாப்போம்.”

அடுத்து இன்னொருவர் கேட்டார். அப்புறம் இன்னொருவர். அன்றைய வகுப்பு இருட்டும்வரை போனது. அக்கா மட்டும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பாதியில் கிளம்பிப் போனார்.

வேலை முழுதும் எங்களுக்கு வரவில்லை. பாதி வந்தது. அலுவலகம் பிழைத்துக்கொள்ள அது போதும். அக்கா பெரிய பொறுப்புக்கு எதற்கும் வரவில்லை, கேட்கவும் இல்லை. மேலாளர் அவரைப் பாராட்டி ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் அதன்பின் எந்தக் கிளையன்ட் கூட்டத்திலும் தனக்குப் பக்கத்து நாற்காலியை அக்காவுக்கு என்று போட்டு வைப்பார்.

இவ்வளவும் அலுவலக விஷயம். நான் அவருக்குக் கடன்பட்டது இதற்கு இல்லை.

அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஓய்வு பெற்றபின் ஒன்றன்பின் ஒன்றாக வியாதி சேர்ந்து, கடைசியில் கணையத்தில் புற்று என்று வந்து நின்றது. திருநெல்வேலியில் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினோம். ஒவ்வொரு முறையும் டாக்டர் பேசுவார், நான் தலையை ஆட்டுவேன், அம்மா என் முகத்தைப் பார்ப்பாள், வெளியே வந்து “டாக்டர் நல்லாத்தான் சொல்றார்” என்பேன். படித்தவன் என்பதால் எனக்குத்தான் எல்லாம் புரியும் என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஒட்டக வகுப்பு முடிந்த சமயத்தில் ஒரு நாள் டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, “ரெஸ்பான்ஸ் இருக்கு. இன்னும் கொஞ்சம் ஸ்ட்ராங்கா ஒரு கோர்ஸ் போகலாம்” என்றார். என் தலை ஆடத் தொடங்கியது. பாதியில் நிறுத்தினேன்.

“டாக்டர், எனக்கு வெளங்கல. மருந்து கேக்குதுன்னா குணமாயிருமா?”

அவர் கையிலிருந்த பேனாவை மூடினார். “இல்ல. குணமாகாது. வளர்றது கொஞ்ச நாளைக்கு நிக்கும். எத்தன நாள்னு என்னால உறுதியாச் சொல்ல முடியாது.” மோசமான மனிதர் இல்லை. யாரும் கேட்காததால் சொல்லவில்லை. அம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் அப்பா பேசினார். அத்தனை மாதத்தில் அந்த அறையில் அவர் வாயைத் திறந்ததே இல்லை. நாங்களும் அவரிடம் எதையும் கேட்டதில்லை. அவரைச் சக்கர நாற்காலியில் வைத்துக்கொண்டு அவர் தலைக்கு மேலாகவே பேசிக்கொண்டிருந்தோம்.

“எனக்கும் ஒண்ணு வெளங்கல டாக்டர். அந்தக் கொஞ்ச நாள்ல நான் எந்திச்சு நடமாடுவனா, இல்ல இங்கன படுத்தே கெடப்பனா?”

டாக்டர் நாற்காலியை இழுத்து அப்பாவுக்கு நேர் எதிரே போட்டுக்கொண்டார். “படுத்திருக்கிற நாள்தான் அதிகமா இருக்கும் ஐயா.”

“மருந்து போடலன்னா?”

“நாள் குறையலாம். ஆனா வலிக்கு மருந்து தரேன். முடியுறவரைக்கும் உங்க வீட்டுல, உங்க இஷ்டப்படி இருக்கலாம்.”

அப்பா இரண்டு கைகளையும் நாற்காலியின் சக்கரங்கள்மேல் வைத்தார். “அப்ப நான் வீட்டுக்குப் போறேன்” என்றார்.

வந்தோம். சாயங்காலம் கடற்கரைச் சாலையில் உட்கார்ந்து, வெளியே நங்கூரம் போட்டு நிற்கிற கப்பல்களைப் பார்ப்பார். எது நிலக்கரி கொண்டுவந்தது, எது உப்பு ஏற்ற வந்தது என்று அம்மாவுக்குச் சொல்வார். அம்மா நாற்பது வருஷம் அவரோடு வாழ்ந்தும் அதைக் கேட்டதில்லை. ஒரு நாள் ஆலந்தலை என்ற கடலோர ஊருக்குக் கூட்டிப்போகச் சொன்னார். அவரோடு துறைமுகத்தில் வேலை பார்த்த நண்பர் ஒருவர் அங்கே இருந்தார். இருவருக்கும் ஏதோ பழைய மனத்தாங்கல். கரையில் ஏற்றிப் போட்டிருந்த வள்ளத்தின் நிழலில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. திரும்பும்போது அப்பா காரில் தூங்கிவிட்டார். கடைசி மூன்று வாரம் படுக்கைதான். வலி இருந்தது. ஆனால் ஜன்னல் அவருடையது, கட்டில் அவருடையது, கையைப் பிடித்துக்கொள்ள அம்மா பக்கத்திலேயே இருந்தாள்.

அப்பா இறந்தபோது துட்டி விசாரிக்க அக்காவும் கணவரும் வந்து போனார்கள். காரியமெல்லாம் முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய அன்று, மாலையில் அவரோடு பஸ் ஸ்டாண்டுவரை நடந்தேன். சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தோம். எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

“அப்பாவுக்குக் கடைசில அந்த நாட்கள் கெடச்சது உங்களாலதான் அக்கா” என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். “எனக்கு வெளங்கல தம்பி. நான் என்ன செஞ்சேன்?”

இரண்டு வாக்கியத்தில் சொன்னேன். டாக்டர், நான், அப்பா கேட்டது.

“இல்ல. இப்படி வேண்டாம். மொதல்ல இருந்து சொல்லு. அன்னைக்கு வீட்டுலருந்து எப்பக் கெளம்புனிய?”

நான் சொல்ல ஆரம்பித்தேன். கிளம்பும்போது அப்பா நீலச் சட்டைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது, அதன் பொத்தானை அவரால் போட முடியாமல் நான் போட்டுவிட்டது, அப்போது அவர் என் தலையைத் தொட்டது. யாரிடமும் சொல்லாதவை. அதுவரை எனக்கே நினைவுக்கு வராதவை. இழவு வீட்டில் வராத அழுகை அந்தப் பெஞ்சில் வந்தது. சுற்றிலும் ஆட்கள் போய் வந்துகொண்டிருந்தார்கள்.

திருச்செந்தூர் பஸ் வந்து நின்றது. நடத்துனர் அக்காவைப் பார்த்து, “ஆத்தூர், ஆத்தூர்” என்றார். அக்கா போகச் சொல்லிக் கையை அசைத்தார். பஸ் கிளம்பிப் போனது.

“மேல சொல்லு” என்றார்.